சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்

பதினைந்து எழுத்துகளை முதலில் பார்த்துவிடலாம்: ஏடிசி டிடிஏ ஜிஏஜி டிஜிடி சிசிசி. பிஆர்சிஏ1 என்ற மரபணுவில், புரதத்துக்கான வரிசை தொடங்கி 61-வது எழுத்திலிருந்து 75-வது எழுத்து வரை இப்படித்தான் இருக்கும். நம் உயிரணு இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகிறது. நடுவில் 'ஏஜி' என்று இரண்டே எழுத்து விழுந்துவிட்டால் போதும், அதற்குப் பின்னால் வரும் எல்லா மூன்றும் பிசகிவிடும். 'ஜிஏஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜிடிஜி' வந்து நிற்கும். கொஞ்ச தூரத்திலேயே 'நிறுத்து' என்ற குறி எதிர்ப்படும். 1,863 அமினோ அமிலங்களோடு முழுசாக வர வேண்டிய புரதம் நாற்பதைக்கூட எட்டாமல் அறுந்துபோகும். உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிடும் வேலையில் பங்குள்ள புரதம் அது. இந்தப் பிழையோடு பிறந்த பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்தப் பிழையைப் பற்றி இணையத்தில் உள்ள மரபணுத் தரவுத்தளங்களில் தேடுகிறவர் முதலில் தடுக்கி விழுவது பெயரில்தான். பழைய கட்டுரைகளில் இது '185டெல்ஏஜி'. சில இடங்களில் '187டெல்ஏஜி'. இன்றைய ரிப்போர்ட்டுகளில் 'சி.68_69டெல்'. மூன்றும் ஒன்றே. அந்தக் காலத்தில் மரபணுவின் நகல் தொடங்கும் இடத்திலிருந்தே எண்ணினார்கள். புரதத்துக்கான வரிசை அதற்கு 119 எழுத்து தள்ளித்தான் தொடங்குகிறது. இப்போது அங்கிருந்து எண்ணுகிறோம். 68-உடன் 119-ஐக் கூட்டினால் 187 வந்துவிடும். அப்படியானால் 185 எங்கிருந்து வந்தது? பதினைந்து எழுத்துகளை இன்னொரு முறை பாருங்கள். 'டிடிஏ ஜிஏஜி' என்பதற்குள் 'ஏஜிஏஜி' என்று இரட்டையாக ஒளிந்திருக்கிறது. முதல் 'ஏஜி' போனதா, இரண்டாவது போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. எது போனாலும் மிஞ்சுவது ஒன்றுதான். அன்று முதலாவதைக் குறித்தார்கள், இன்றைய விதி கடைசியைக் குறிக்கச் சொல்கிறது. ஒரே பிழைக்கு இத்தனை பெயர் இருப்பதால், ஒரு பெயரில் தேடி 'இல்லை' என்று வந்தால் அது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது.

சென்னையில் சர்தார் படேல் சாலையை ஒட்டிய இந்த அடையாறு, கிண்டி வட்டாரத்தைப் போல, மரபணு எழுத்துகளோடும் அவற்றால் வரும் துன்பத்தோடும் ஒரே நேரத்தில் பழகிய இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இங்கே இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள், டாக்டர் சாந்தாவும் அவர்களில் ஒருவர், தென்னிந்தியக் குடும்பங்களில் பிஆர்சிஏ மரபணுப் பிழைகளைத் தேடி 2003-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். சற்றுத் தள்ளி ஐஐடி. மார்பகப் புற்றுநோய் கண்ட 480 இந்தியப் பெண்களின் திசுக்களிலிருந்து 960 எக்ஸோம்களை, அதாவது புரதம் செய்யும் பகுதிகளின் வரிசைகளைப் படித்து, 'பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு' என்று 2025 பிப்ரவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது அது. ஆக, படிக்கத் தெரியாமல் நாம் தவிக்கவில்லை. படித்ததை ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் நம்மவர்கள் மிகக் குறைவாக இருப்பதுதான் சிக்கல். அந்தக் குறை அறிவியலார் கவலைப்பட வேண்டிய விஷயம் மட்டும் என்று விட்டுவிட முடியாது. இந்த ஊர் நோயாளியின் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் அது தவறாகவே வந்து விழுகிறது. இந்தியப் பரிசோதனைக் கூடங்கள் தாம் காணும் மாற்றங்களையும் அவற்றுக்குத் தாம் சொல்லும் பொருளையும் பொதுவெளியில் பதிந்தே ஆக வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

தரவுத்தளத் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் வாதத்தின் பாதி தானாகவே விளங்கிவிடும். 1982-ல் தொடங்கிய ஜென்பேங்க், ஐரோப்பாவின் களஞ்சியம், ஜப்பானின் களஞ்சியம் ஆகிய மூன்றும் தமக்கு வருவதை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். 1990-ல் வந்த பிளாஸ்ட் என்ற நிரலில் ஓர் எழுத்து வரிசையை ஒட்டினால், அதைச் சிறு சிறு துண்டாக்கி, வழக்கமான டிஎன்ஏ தேடலில் பதினொரு எழுத்துத் துண்டாக, களஞ்சியம் முழுக்கத் துழாவும். ஒட்டும் இடம் கிடைத்ததும் இரு பக்கமும் நீட்டிப் பார்க்கும். கிடைத்த ஒவ்வொரு பொருத்தத்தின் பக்கத்திலும் 'ஈ மதிப்பு' என்று ஓர் எண் போடும். இவ்வளவு பெரிய களஞ்சியத்தில் இதே தரத்துப் பொருத்தம் எத்தனை முறை தற்செயலாகவே அகப்படக்கூடும் என்று சொல்லும் எண் அது. களஞ்சியம் பெருத்தால் அதே பொருத்தத்துக்கு அந்த எண்ணும் ஏறும். தேடலின் விடை தேடும் வரிசையை மட்டும் பொறுத்ததில்லை, எதற்குள் தேடுகிறோம் என்பதையும் பொறுத்தது என்று அந்த நிரலின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் சரி என்றும் நம்பிவிடக் கூடாது. ஜென்பேங்க் ஓர் ஆவணக் காப்பகம். பதிந்தவரே வந்து திருத்தினால்தான் அதில் உள்ள பதிவு திருந்தும். பாக்டீரியாவினுடையவை என்று பதிவான ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுத் தொகுதிகளில் மனித டிஎன்ஏ கலந்து கிடந்ததை 2019-ல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது.

சரி, மனித டிஎன்ஏவுக்கான களஞ்சியங்களில் தமிழர் எங்கே? உலகமெங்கும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளவுகோலாக வைத்திருந்தது 2015-ல் நிறைவடைந்த '1000 ஜீனோம்கள்' திட்டம். 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். தெற்காசியர் 489 பேர்: ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள் 103, லாகூர் பஞ்சாபியர் 96, வங்கதேசத்தினர் 86, பிரிட்டனில் வாழும் தெலுங்கர் 102, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102. இந்த ஐந்து குழுக்களில் ஒன்றிலிருந்துகூட இந்திய மண்ணில் ரத்தம் எடுக்கப்படவில்லை. போரால் ஊரைவிட்டுப் போய் லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறிய ஒரு சமூகத்தின் 102 பேர்தான் உலகின் பார்வையில் தமிழ் மரபணுவின் முகமாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தருமபுரியின் ஒரு சமூகத்துக்கும் தூத்துக்குடியின் ஒரு சமூகத்துக்கும் அந்த 102 பேர் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? இன்று மருத்துவமனைகள் அதிகம் நம்பும் நோமாட் தரவுத்தளம் 2023-ல் எட்டு லட்சம் பேரைத் தாண்டிவிட்டது. அதில் தெற்காசியர் சுமார் 45,000 பேர், நூற்றுக்கு ஆறுகூட இல்லை. உலக மக்களில் நான்கில் ஒருவர் தெற்காசியர்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன, மரபணு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றலாம். ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ரிப்போர்ட் எழுதப்படுவது அந்த ஏறக்குறையவில் மிஞ்சும் வித்தியாசத்தை வைத்து. ஒருவரிடம் கண்ட மாற்றத்தை 'நோய் தரும்', 'அநேகமாகத் தரும்', 'தெரியவில்லை', 'அநேகமாகப் பாதகமில்லை', 'பாதகமில்லை' என்று ஐந்து வகையில் ஒன்றில் போடுவதற்கு அமெரிக்க மருத்துவ மரபியலாளர்கள் 2015-ல் விதிகள் வகுத்தார்கள். உலகமே அவற்றைப் பின்பற்றுகிறது. பொது மக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காணப்படும் மாற்றம் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே 'பாதகமில்லை' எனலாம் என்பது ஒரு விதி. இன்னொரு விதியை இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டும். தரவுத்தளத்தில் ஒரு மாற்றம் காணப்படவே இல்லை என்றால், அது நோய் தருவது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. நியாயமான விதிதான், கொடிய பிழை பொது மக்களிடையே பரவியிருக்காது. ஆனால் அந்தப் 'பொது மக்களில்' நம் மக்களே இல்லாதபோது என்ன ஆகும்? கொங்கு நாட்டிலோ செட்டிநாட்டிலோ தலைமுறை தலைமுறையாக ஆரோக்கியமாக வாழ்கிறவர்களிடம் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு மாற்றம் ஐரோப்பியர் நிறைந்த களஞ்சியத்தில் காணாது. காணாததே குற்றச்சாட்டாகிவிடும். இந்தச் சான்றுக்கு இவ்வளவு எடை கொடுக்கக் கூடாது என்று 2020-ல் அதைக் குறைத்தார்கள். குறைத்தார்களே தவிர எடுத்துவிடவில்லை.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களே சாட்சி. இதயத் தசை தடித்துப்போகும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் என்று சொல்லப்பட்ட சில மாற்றங்கள் கறுப்பின மக்களிடம் சர்வசாதாரணமாக இருப்பதை 2016-ல் மன்ராய் குழுவினர் காட்டினார்கள். அந்த மாற்றங்கள் உங்களுக்கு இருக்கின்றன, நோய் வரலாம் என்று ரிப்போர்ட் வாங்கிய கறுப்பின நோயாளிகள் இருந்தார்கள். ஆரம்ப ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுவில் சில கறுப்பினத்தவரையாவது சேர்த்திருந்தாலே அந்தத் தவறு நடந்திருக்காது என்றும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஓட்டப் பந்தயத்தைக் கைவிட்டவரும், குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவரும், இதயத்துக்குள் கருவி வைத்துக்கொண்டவரும் எங்கே போய் முறையிடுவது?

நம் பக்கத்துக் கதை இன்னும் சிக்கலானது, அதனாலேயே அதிகம் கற்றுத்தருவது. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் மொத்தமாகக் காணாமல் போகும் ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. வேறு இன மக்களிடம் ஏறக்குறைய கிடையாது. 2009-ல் தண்டபாணியும் மதுரை, ஐதராபாத் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இதைச் சுமப்பவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் அபாயம் பல மடங்கு அதிகம் என்றது. கோடிக்கணக்கானவர்கள் சுமக்கும் மாற்றம் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: இத்தனை பேரிடம் இருக்கிறது என்றால், இத்தனை பேருக்குமா நோய்? 2020-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. அந்த 25 எழுத்து இழப்பைச் சுமப்பவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம், அதே மரபணுவில் வேறோர் இடத்தில், இன்னொரு எழுத்து மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நோய்க்குப் பெரும்பாலும் காரணம் அந்த இரண்டாவது மாற்றம். தெற்காசிய நோயாளிகளின் முழு வரிசையும், நோயில்லாத தெற்காசியரின் முழு வரிசையும் பெருவாரியாக ஒப்பிடக் கிடைத்த பிறகே கூட இருந்தவனையும் குற்றவாளியையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. நடுவில் கழிந்தவை பதினோரு ஆண்டுகள். 2009-ல் சொன்னது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று கைவசம் இருந்த தரவு அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் இரட்டைச் சுமை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்துக்குள் வாழ்க்கைப்பட்டவர்கள். இந்திய அளவில் அது 11. அதைவிட ஆழமானது, பல நூற்றாண்டுகளாக ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தது. தெற்காசியாவில் 263 குழுக்களை ஆராய்ந்த ஒரு குழு, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து கிளைத்துப் பெருகியவை, அந்தக் குறுக்கம் அஷ்கனாசி யூதர்களிடமும் பின்லாந்துக்காரர்களிடமும் காணப்படுவதைவிடக் கடுமையானது என்று 2017-ல் எழுதியது. அப்படிப்பட்ட குழுவில் எங்கோ ஒரு முன்னோரிடம் இருந்த அரிய மாற்றம் இன்று பலரிடம் இருக்கும். வைசிய சமூகத்தாரிடம் பூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு மற்றவர்களைவிட நூறு மடங்கு அதிகம். அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் தெரியாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினில்கோலின் ஊசி போட்டால் மட்டும், சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. விஷயம் தெரிந்த மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டு வேறு மருந்தைப் போட்டுவிடுவார். எழுதிவைத்த தகவல் ஒன்று அறுவை அரங்கில் உயிர் காப்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது.

நம் நாடு கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. சிஎஸ்ஐஆர் 2019-ல் தொடங்கிய இண்டிஜென் திட்டம் 1,029 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. கிடைத்த ஐந்தரைக் கோடி மாற்றங்களில் மூன்றில் ஒரு பங்கு அதுவரை உலகத் தரவுத்தளங்களில் பார்க்கப்படாதவை. அந்த ஒரு கணக்கே போதும், நம் சட்டி எவ்வளவு காலியாக இருந்தது என்று காட்ட. அடுத்து ஜீனோம் இந்தியா திட்டம், 80-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களிலிருந்து 9,772 பேரின் தொகுதிகளோடு, 2025 ஜனவரியில் ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2019-ல் படிக்கப்பட்ட 4,810 பேரில் 1,127 பேர் இந்திய வம்சாவளியினர். அந்த ஊரின் இந்தியரில் தமிழரே அதிகம். இவை எல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இவை ஆரோக்கியமானவர்களின் கணக்கு. நோயோடு வருகிறவரிடம் கண்ட மாற்றம் என்ன, அதை யார் எந்தக் காரணத்தால் எந்த வகையில் போட்டார்கள் என்ற கணக்கு பரிசோதனைக் கூடங்களின் கணினிகளுக்குள் தனித்தனியே பூட்டிக் கிடக்கிறது. 2013 முதல் இயங்கும் கிளின்வார் தளம் அதைச் சேர்ப்பதற்கென்றே ஏற்பட்டது. ஒரு கூடம் மட்டும் சொன்ன தீர்ப்புக்கு ஒரு நட்சத்திரம், பலர் ஒத்துச் சொன்னால் இரண்டு, நிபுணர் குழு பார்த்திருந்தால் மூன்று. ஒரே மாற்றத்தைச் சென்னையில் ஒரு கூடம் 'நோய் தரும்' என்றும் இன்னொன்று 'தெரியவில்லை' என்றும் எழுதினால், இரண்டும் அங்கே அருகருகே வந்து நிற்கும். முரண்பாடு வெளியே தெரிந்தால்தான் தீரும்.

பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிஆர்சிஏவின் சொந்த வரலாறே இருக்கிறது. அந்த மரபணுக்களின் காப்புரிமையை வைத்திருந்த மிரியட் நிறுவனம் பல ஆண்டுகள் அமெரிக்காவில் தனி ஒருவராகப் பரிசோதனை செய்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, தான் கண்ட மாற்றங்களைப் பொதுத் தளத்தில் பதிவதை நிறுத்திக்கொண்டது. இயற்கையில் உள்ள டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அந்தத் தகவல் குவியல் அவர்களிடமே இருந்தது. மருத்துவர்கள், தம் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளிலிருந்து பெயரை நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பொதுத் தளத்தில் ஏற்றிச் சேர்க்க வேண்டியிருந்தது. நாம் அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே விழித்துக்கொள்ளலாம்.

எதிர்வாதங்கள் பலமானவை, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது அந்தரங்கம். டிஎன்ஏ என்பது மாற்ற முடியாத கைரேகை, அதுவும் நம் அண்ணன் தம்பி, பிள்ளைகளின் ரேகையும் சேர்ந்தது. 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-ல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. கலிஃபோர்னியாவில் ஒரு தொடர் கொலைகாரனை 2018-ல் பிடித்தது, தூரத்து உறவினர்கள் ஒரு வம்சாவளித் தளத்தில் தாமாக ஏற்றியிருந்த டிஎன்ஏ வழியாகத்தான். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் முழு உண்மையில்லை. தொகுத்த எண்ணிக்கைகளை வைத்தே ஒருவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று சொல்லிவிடலாம் என 2008-லேயே நிரூபித்தார்கள். ஆனால் அதற்கு அந்த ஒருவரின் டிஎன்ஏ ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். ஒரு மனிதரின் 300 கோடி எழுத்துகளையும் வெளியிடுவதற்கும், 'பிஆர்சிஏ1-ல் இந்த இடத்தில் இந்த மாற்றம், இத்தனை பேரிடம் கண்டோம், இதனால் இப்படித் தீர்மானித்தோம்' என்று ஒரு வரி பதிவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முழுத் தொகுதி ஃபரீதாபாத்தில் காவலோடு இருக்கட்டும், கேட்டவரின் தகுதி பார்த்தே கொடுக்கட்டும். அந்த ஒரு வரியைப் பதிய எந்தக் காவலும் தடையாக இருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனம் பரம்பரைக் கூறைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. அமெரிக்காவில் 2008-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. நமக்கும் வேண்டும், பதிவை நிறுத்திவைக்க அதைக் காரணமாக்குவதைவிட, பதிவோடு சேர்த்து அதைக் கேட்பதே சரி.

இரண்டாவது வாதம், நம் ரத்தத்தை வைத்து வெளிநாட்டுக் கம்பெனி மருந்து செய்து நமக்கே விற்கும் என்பது. இந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995-ல் கொடுத்த காப்புரிமையை 1997-ல் சிஎஸ்ஐஆர் எதை வைத்து ரத்து செய்ய வைத்தது? மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று ஏற்கெனவே எழுதிப் பதிந்து வெளியிட்ட ஏடுகளை வைத்து. பொதுவெளியில் தேதியோடு பதிந்த அறிவை இன்னொருவர் தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாட முடியாது. மூடிவைத்ததைத்தான் அப்படி எடுத்துக்கொண்டு போக முடியும்.

மூன்றாவது வாதமே என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது: சாதி. இன்ன சமூகத்தில் இன்ன நோய் என்று ஒரு பொதுத் தளத்தில் எழுதினால், அது பெண் பார்க்கப் போகும் வீட்டில் என்ன பேச்சாகும் என்று நமக்குத் தெரியும். மரபணுவை வைத்துச் சாதிக்கு அறிவியல் முத்திரை குத்தக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே கிளின்வார் போன்ற உலகத் தளத்தில் சமூகப் பெயர் வேண்டியதே இல்லை. மாற்றம், எண்ணிக்கை, தீர்ப்பு, காரணம் போதும், அதிகம் போனால் 'தென்னிந்தியர்' என்ற அளவு. சமூகம் சார்ந்த தகவல் அந்தச் சமூகத்தின் சம்மதத்தோடு அவர்களின் மருத்துவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதே சமயம், ஒரு பிழை ஒரு குழுவின் சொத்து என்ற நினைப்பையே திறந்த தரவு உடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலே கண்ட 185டெல்ஏஜி நீண்ட காலம் யூதர்களின் பிழை என்றே அறியப்பட்டது. அஷ்கனாசி யூதர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் அது உண்டு. பிறகு தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டார்கள். யாரோ கொண்டுவந்து சேர்த்ததா? ஓர் இந்தியக் குடும்பத்தில் அந்த இரண்டு எழுத்துகளைச் சுற்றியுள்ள வரிசையை ஒப்பிட்டுப் பார்த்து, இது இங்கே தனியாகத் தோன்றியது என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. 'ஏஜிஏஜி' என்ற இரட்டிப்பில் நகலெடுக்கும்போது யாருக்கும் சறுக்கலாம்; எருசலேமிலும் சறுக்கும், சென்னையிலும் சறுக்கும்.

இதெல்லாம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் 1963-ல் வரைந்த வரைபடத்தை வைத்துத்தான், உலகப் புரதக் களஞ்சியத்தில் வந்து சேரும் ஒவ்வொரு புரத வடிவமும் இன்றுவரை சரிபார்க்கப்படுகிறது. 1971-ல் ஏழு வடிவங்களோடு தொடங்கிய களஞ்சியம் அது. உலகெங்கும் இருந்து வந்த பதிவுகளால் இரண்டு லட்சத்தைத் தாண்டி வளர்ந்து, 2024-ல் தன்னை உருவாக்கியவர்களுக்கு நோபல் பெற்றுத்தந்த, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலுக்குப் பாடப் புத்தகமானது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1981-ல் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியபோது, புற்றுநோயைப் பற்றி வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேசிய காலம். பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போனார்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் புரட்டினார்கள். யாருடைய பெயரும் வெளியே வரவில்லை. இந்த ஊர்ப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் ஏறிவருவது அந்தப் பதிவேட்டால்தான் நமக்குத் தெரியும். அன்று ஒவ்வொரு கட்டியாகப் பதிந்ததும் இன்று எழுத்தெழுத்தாகப் பதிய வேண்டியதும் ஒரே வேலையின் இரண்டு காலகட்டங்கள்.

செய்ய வேண்டியதில் பெரும்பகுதி சட்டம் கூட இல்லாமல் செய்யக்கூடியது. அரசு மருத்துவமனையோ காப்பீட்டுத் திட்டமோ பணம் கொடுக்கும் ஒவ்வொரு மரபணுப் பரிசோதனைக்கும், முடிவைப் பெயரின்றிப் பொதுத் தளத்தில் பதிவது நிபந்தனையாகட்டும். ஒப்புதல் படிவத்தில் அதற்கு நோயாளியின் சம்மதத்தைத் தெளிவான தமிழில் தனி வரியாகக் கேட்கட்டும்; வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதே வரியில் இருக்கட்டும். ரிப்போர்ட்டில் எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில் தேடினார்கள், அதில் தெற்காசியர் எத்தனை பேர் என்று அச்சிடட்டும். 'தெரியவில்லை' என்று வந்த மாற்றங்களைப் பற்றி அமெரிக்காவில் 2018-ல் பெரிய அளவில் கணக்கெடுத்தபோது, பின்னால் வகை மாறியவற்றில் பத்தில் ஒன்பது 'பாதகமில்லை' பக்கமே போயிருந்தன. அப்படி மாறும்போது தளத்தில் தேதி மாறிவிடும். நோயாளியின் பீரோவில், சேலைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இருக்கும் காகிதத்தில் மாறாது. மார்பை எடுத்துவிடலாமா, மகளுக்குச் சொல்லலாமா என்று அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் பெண்ணுக்கு, 'உங்கள் ரிப்போர்ட் மாறியிருக்கிறது, ஒரு நடை வந்து போங்கள்' என்று யார் போன் செய்வது என்பதை இதுவரை எந்தப் படிவமும் சொல்வதில்லை.